யார் தலைக்கு மேல் பறக்கிறது அந்தக் கேமரா?

திருப்பரங்குன்றத்துக்கு வடமேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் மலை மேலிருக்கும் சமணச் சிற்பங்களையும் பார்க்க மதுரைக்காரர்கள் விடுமுறை நாட்களில் வந்துபோகும் ஊர். 1914ஆம் ஆண்டு இந்த ஊர்ப் பிரமலைக் கள்ளர்கள் மீது குற்றப்பரம்பரைச் சட்டம் பாய்ந்தது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற பேதமில்லை. அந்தச் சாதியில் பிறந்த ஆண்மகன் என்றால் பெயரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், ஊரை விட்டு வெளியே போவதென்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு அந்தச் சட்டம் ஊர் ஊராகப் பரவியது.

அதை மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்து விழுந்தார்கள். நாடு விடுதலை அடைந்த 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

ட்ரோனையும் கண்காணிப்புக் கேமராவையும் பற்றிப் பேச வந்த இடத்தில் இந்தப் பழைய கதை எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. அரசாங்கம் ஒரு மனிதனைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அவன் வாழ்க்கை என்ன ஆகும் என்பதை மதுரைச் சீமை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தன் உடம்பில் அனுபவித்திருக்கிறது. அன்றைக்குத் தேவைப்பட்டது மைப்பெட்டியும் ஒரு பதிவேடும். இன்றைக்கு அதே வேலையைக் கால் கிலோ எடையுள்ள பறக்கும் கருவி, யாருடைய கையையும் பிடித்து அழுத்தாமலேயே செய்துவிடுகிறது.

முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவுக்குப் போனால் அந்தக் கருவியை நேரிலேயே பார்த்துவிடலாம். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் இங்கே தாலி கட்டுவதைப் பாக்கியமாக நினைக்கும் குடும்பங்கள் தென்மாவட்டம் முழுக்க உண்டு. கோயிலில் தாலி, பக்கத்து மண்டபத்தில் பந்தி. மாப்பிள்ளை அழைப்பு தெருவுக்கு வந்ததும் விர்ரென்ற சத்தத்தோடு 'ஹெலிகேம்' மேலே கிளம்புகிறது. மலையும் கோபுரமும் தென்கால் கண்மாயும் பின்னணியில் தெரிய ஒரு காட்சி வேண்டும் என்று வீட்டார் ஆசைப்படுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேமராவுக்குள் கல்யாண வீடு மட்டும் விழுவதில்லை. நாலு தெருத் தள்ளி மொட்டை மாடியில் துணி காயப்போடும் பெண்ணும், திறந்தவெளியில் குளிக்கும் கிழவரும் சேர்ந்தே விழுகிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த ஊர் வானத்துக்கு என்று ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. மதுரை விமான நிலையம் குன்றத்துக்குத் தென்கிழக்கே, நேர்கோட்டில் ஆறு கிலோமீட்டருக்குள்தான். 2021 ஆகஸ்ட் 25இல் மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. 8 கிலோமீட்டருக்குள் பச்சை என்பதே கிடையாது. ஆக, திருப்பரங்குன்றத்தில் கேட்காமல் ட்ரோனைக் கிளப்புவது விதிமீறல்.

விமானத்தில் மோதிவிடக் கூடாது என்பதில் சட்டத்துக்கு இருக்கும் கவலை நியாயமானது. எடையை 250 கிராம், 2 கிலோ, 25 கிலோ, 150 கிலோ என்று பிரித்து, எதற்குப் பதிவு எண் வேண்டும், எதற்கு உரிமம் வேண்டும் என்று அந்த விதிகள் விரிவாகப் பேசுகின்றன. கீழே இருக்கும் மனிதரின் அந்தரங்கம் பற்றி அந்த அளவு அக்கறையை அங்கே காண முடியாது. வீட்டுக்கு மேல் ட்ரோன் வட்டமிட்டுப் பெண்களைப் படம் பிடித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவையும்தான் நாட வேண்டும். புகார் கொடுக்கப் போகிறவர் இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இதே மதுரை மாவட்டத்தில் பறக்கும் கேமரா செய்த மிக நல்ல காரியம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

2012 மே மாதம், மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம் மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சட்டவிரோதமாகக் கல் வெட்டியதில் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றது அது. வெகு விரைவில் அவர் மாற்றப்பட்டார். ஆனால் அறிக்கை வெளியே வந்துவிட்டது. அடுத்து வந்த ஆட்சியர் அன்சுல் மிஸ்ரா காலத்தில், ஆகஸ்ட் வாக்கில், குவாரிகளை அளக்கும் வேலை தொடங்கியது. குழிகளோ பல ஆள் ஆழம், சிலவற்றில் தண்ணீர். எங்கே பட்டா நிலம் முடிகிறது, எங்கே கண்மாய் தொடங்குகிறது என்று தரையில் நின்று சொல்ல முடியாதபடி கிடந்தது பூமி. அப்போது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தார் உருவாக்கியிருந்த 'தக்ஷா' என்ற ஆளில்லா விமானம் மேலூருக்கு வந்தது.

அது செய்யும் வேலை சுலபமாகப் புரியக்கூடியதுதான். ஒரே இடத்தை வெவ்வேறு கோணத்தில் ஒன்றன் மேல் ஒன்று படியும்படி நிறையப் படங்கள் எடுக்கும். கணினி அவற்றை ஒப்பிட்டு நிலத்தின் மேடு பள்ளத்தை முப்பரிமாணத்தில் கட்டிவிடும். அதிலிருந்து ஒரு குழி எத்தனை அடி ஆழம், எவ்வளவு கல் போயிருக்கிறது என்று கணக்கெடுக்கலாம். காவலாளி வைத்து வாசலை மறித்த குவாரிக்குள், மேலே இருந்து ஒரு கண் போய்ப் பார்த்தது. பணமும் செல்வாக்கும் உள்ளவர்களை, சாமானியர்களின் சார்பாக ஒரு கேமரா பார்த்த அபூர்வமான தருணம் அது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை தாக்கல் செய்தார்.

தக்ஷா மேலூருக்கு வந்து எட்டு ஆண்டுகள் கழித்து அதே வகைக் கருவி வேறு பக்கம் திரும்பியது. 2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு. திருப்பூர் போலீசார் ட்ரோன் பறக்கவிட்டார்கள். மரத்தடியில் கேரம் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்கள் தலைக்கு மேல் அது வந்ததும் சிதறி ஓடினார்கள். கேரம் பலகையையே தலைக்கு மேல் பிடித்து முகத்தை மறைக்கப் பார்த்தார்கள். சினிமா நகைச்சுவை வசனங்களைப் பின்னணியில் சேர்த்து அந்தக் காட்சியைப் போலீசே வெளியிட, நாடே பார்த்துச் சிரித்தது.

ஊரடங்கை மீறியது தவறு. நோய் பரவிய காலம். ஆனாலும் அந்தச் சிரிப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஓடியவர்களின் முகம், உடை, பயம் எல்லாம் அவர்கள் சம்மதமின்றி லட்சக்கணக்கான கைபேசிகளுக்குப் போயின. வீடு என்ற ஒற்றை அறைக்குள் ஐந்தாறு பேர் அடைந்து கிடந்தவர்களுக்கு மரத்தடிதான் கூடம். மதில் சுவருக்குள் தோட்டம் வைத்திருப்பவர்களை எந்த ட்ரோனும் விரட்டவில்லை. அதற்கடுத்த மாதம், 2020 மே 18 அன்று, பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் பாரீஸ் போலீசின் ஊரடங்கு ட்ரோன்களை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. ஆட்களை அடையாளம் காணும் திறனுள்ள கேமராவைப் பறக்கவிட்டால் அதற்குரிய சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலை. அங்கே போலீஸ் ட்ரோன் பிறகு ஒழிந்துவிடவில்லை. 2022இல் சட்டம் இயற்றி, 2023இல் விதிமுறை வகுத்து, ஒவ்வொரு முறையும் நிர்வாக அதிகாரியின் அனுமதி பெற வேண்டும் என்று ஆக்கிய பிறகு திரும்ப வந்தது. முதலில் சட்டம், பிறகு கேமரா. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது.

அதே 2020இல், ஜூன் மாதம், இன்னொரு கேமராவின் கதை. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் வியாபாரிகளான ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார்கள். அந்த நிலையத்தில் சிசிடிவி இருந்தது. பதிவு வைக்கப் போதுமான இடமும் அதன் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவுகள் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எழுதினார். அந்த இரவின் காட்சி இல்லை. வழக்கு நிலைத்து நின்றதற்குப் பெரிய காரணம், துணிந்து உண்மை சொன்ன ஒரு பெண் தலைமைக் காவலரின் சாட்சியம்.

அந்த ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, பஞ்சாப் வழக்கு ஒன்றில், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. லாக்கப், வாசல், வராந்தா, எல்லா இடத்திலும். ஐந்தாண்டு கழித்து, 2025 செப்டம்பரில், காவல் நிலையக் கேமராக்கள் இயங்காதது பற்றி அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே மடப்புரம். மதுரைக்குக் கிழக்கே, திருப்புவனத்துக்கு அருகில், பத்ரகாளியம்மன் கோயில் உள்ள ஊர். 2025 ஜூன் கடைசியில், நகை காணாமல் போன புகாரில், கோயில் காவலாளி அஜித்குமாரைத் தனிப்படைப் போலீசார் விசாரணைக்கு அழைத்துப்போய் அடித்தார்கள்; 28ஆம் தேதி அவர் இறந்தார். அந்த அடியை மறைந்து நின்று ஒருவர் கைபேசியில் எடுத்த சில நொடிப் பதிவுதான் வழக்கைத் திசை திருப்பியது. போலீசார் ஐந்து பேர் கைதானார்கள், விசாரணை சிபிஐக்குப் போனது. கோடிகள் செலவழித்து நட்ட கம்பங்களில் இருக்கும் கேமராக்கள் காட்டாததை, உயிருக்குப் பயந்து நடுங்கிய ஒரு கை காட்டியது.

சாத்தான்குளத்தையும் மடப்புரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். தமிழ்நாட்டில் கேமராவுக்குப் பஞ்சமில்லை. 2017இல் சென்னைக் காவல் துறை தொடங்கிய 'மூன்றாவது கண்' திட்டம் தெருத் தெருவாகக் கேமரா வைத்தது. சதுர மைலுக்கு எத்தனை கேமரா என்ற 2021ஆம் ஆண்டின் உலகக் கணக்கெடுப்பு ஒன்றில் டெல்லி, லண்டனுக்கு அடுத்துச் சென்னை மூன்றாம் இடம் பிடித்தது. 2023 ஜூனில் அடையாற்றில் ஒன்பது ட்ரோன்களோடு, சுமார் 3.6 கோடி ரூபாயில், போலீஸ் ட்ரோன் பிரிவு தொடங்கப்பட்டது. தெருவைப் பார்க்கும் கேமரா பெருகிக்கொண்டே போகிறது. போலீசைப் பார்க்க வேண்டிய கேமராதான் தேவையான நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது.

பார்ப்பதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. இப்போது கேமராவுக்குப் பின்னால் முகம் அறியும் மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. 2021இல் தமிழ்நாடு காவல் துறைக்கு இது வந்தது. ரோந்து போகும் காவலர் சந்தேகப்படும் ஒருவரைக் கைபேசியில் படமெடுத்தால், பழைய குற்றவாளிகள், காணாமல் போனவர்கள் ஆகியோரின் படங்களோடு அது ஒப்பிட்டுச் சொல்லும். தொலைந்த குழந்தை கிடைக்க இது உதவும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் மென்பொருள் சொல்வது 'இவர்தான்' என்றில்லை. 'இத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது' என்றுதான். டெல்லி போலீஸ் 80 சதவீதம் ஒத்துப்போனாலே ஆள் கிடைத்ததாகக் கொள்கிறது என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்தது. கறுத்த தோல் விஷயத்தில் இந்த மென்பொருள்கள் தடுமாறும். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்தபோது, வெள்ளைத்தோல் ஆண்கள் விஷயத்தில் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தது. கறுத்த பெண்கள் விஷயத்தில் மிக மோசமான மென்பொருளின் பிழை 34 சதவீதத்தைத் தாண்டியது. வெயிலில் உழைத்துக் கறுத்த முகங்கள் நிறைந்த மதுரை மண்ணில் இந்தக் கணக்கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பாதுகாப்பும் அப்படித்தான். 2024 மே மாதம் தமிழ்நாடு போலீசின் அந்த முகம் அறியும் தளத்துக்குள்ளேயே இணையத் திருடர்கள் புகுந்தார்கள். நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவு போனதாக விளக்கம் வந்தது. கடவுச்சொல்லை மறுநாளே மாற்றிவிட்டிருப்பார்கள். பட்டியலில் இருந்தவர்கள் முகத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஒருமுறை சந்தேகப் பட்டியலில் ஏறிய முகம், வழக்கில் விடுதலையானாலும், அந்தக் கணினியை விட்டு இறங்குகிறதா என்பதைக் கேட்க அந்த மனிதருக்கு வாசலும் இல்லை. 1914இல் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களின் நிலைக்கு இது வெகு தூரத்தில் இல்லை.

2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சிப் போகக் கூடாது என்றார்கள். பிறகு வந்த 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத்தைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் எடுக்கும் தகவல்களுக்குப் பல கடமைகளிலிருந்து விலக்குத் தந்துவிட்டது. மளிகைக்கடை செயலி மீறினால் அபராதம் உண்டு. போலீஸ் கேமராவிடம் கேள்வி கேட்க வழி குறுகிப்போனது. தெலங்கானாவில் முகம் அறியும் மென்பொருளை எதிர்த்து எஸ்.க்யூ.மசூத் என்ற சமூக ஆர்வலர் உயர் நீதிமன்றம் போனார். ஊரடங்கின்போது தெருவில் நிறுத்தி முகக்கவசத்தை இறக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள் என்பதுதான் அவருடைய வழக்கின் தொடக்கம்.

கண்காணிப்பு போலீஸோடு நிற்பதும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போன பெண்களை 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணியிடங்களிலும் ஒரு நாளைக்கு இரண்டு முறை கைபேசிச் செயலியில் படமெடுப்பது கட்டாயமானது. சிக்னல் கிடைக்காத கண்மாய்க் கரையில் வேலை முடிந்தும் படத்துக்காகக் காத்துக் கிடந்தவர்கள் நாடு முழுக்க உண்டு. மோசடி நின்றதா? படத்தைப் படமெடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஏய்க்கத் தெரிந்தவர் ஏய்த்தார். மண்வெட்டி பிடித்தவருக்கு மட்டும் வெயிலில் நிற்கும் நேரம் கூடியது.

மனதுக்குள் நடக்கும் மாற்றத்தை எந்தச் சுற்றறிக்கையும் அளக்காது. ஈழத்தில் வன்னி மக்களிடம் கேட்டால் தெரியும். போர்க் காலத்தில் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானத்தை அவர்கள் 'வண்டு' என்றார்கள். வண்டு இரைந்தால் அடுத்து ஷெல்லோ கிபிர் விமானமோ வரும் என்ற பயத்தில் பங்கருக்கு ஓடியவர்கள், போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்த இரைச்சலை மறக்கவில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சாப் – ஹரியானா எல்லையான ஷம்புவில் ஹரியானா போலீஸ் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டபோது, விவசாயிகள் பட்டம் விட்டு நூலால் அதைச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். ஊர்வலம் போனால் முகம் பதிவாகும், பதிவானால் வேலையோ பாஸ்போர்ட்டோ சிக்கலாகும் என்று நினைக்கும் இளைஞன் வீட்டிலேயே இருந்துவிடுவான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அவனே தன்னைத் தடுத்துக்கொண்டான்.

இந்தப் பயம் திருப்பரங்குன்றத்துக்கு அந்நியமானது இல்லை. சுப்பிரமணிய சுவாமி கோயிலும் சிக்கந்தர் தர்காவும் காசி விசுவநாதர் சன்னதியும் ஒரே மலையில் இருக்கின்றன. 2025 பிப்ரவரியிலும், கார்த்திகை தீபத்தை ஒட்டி டிசம்பரிலும், மலை பற்றிய சர்ச்சையால் தடையுத்தரவு போடும் நிலை வந்தது. இப்படிப்பட்ட நாட்களில் போலீஸ் பதிவு, தொலைக்காட்சிப் பதிவு, தெருவில் நிற்பவர் கைபேசிப் பதிவு என்று ஒரே நிகழ்ச்சிக்குப் பல கண்கள். முழுப் பதிவு யாருக்கும் கிடைக்காமல், வெட்டிய பத்து நொடி மட்டும் வாட்ஸ்அப்பில் ஓடினால், தலைமுறையாகப் பூக்கடையும் பழக்கடையும் பக்கத்துப் பக்கத்தில் நடத்தியவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்க நேரிடும். வதந்தியைப் பொய்யாக்கவும் அதே கேமராவால் முடியும். முழுப் பதிவும் நடுநிலையான ஒருவரிடம் இருந்தால்.

கருவியை வெறுத்துப் பயனில்லை. கோவை மதுக்கரையில் 2024 பிப்ரவரியில் வனத்துறை அமைத்த வெப்பக் கேமராக்கள், தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கண்டு ரயில்களை மெதுவாக்கி உயிர் காக்கின்றன. 2022 சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கிய வேளையில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். எந்த முடுக்கில் கூட்டம் இறுகுகிறது என்று மேலேயிருந்து பார்த்துச் சொல்ல ட்ரோனைவிட நல்ல சாதனம் இல்லை. பார்த்தால் மட்டும் போதாது என்பதற்குக் கரூர் சாட்சி. 2025 செப்டம்பர் 27 அன்று அங்கே நடந்த அரசியல் கூட்டத்தின் பிரம்மாண்டத்தை வானிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. நெரிசலில் போன 41 உயிர்களை அவை காப்பாற்றவில்லை. கூட்டத்தின் அடர்த்தியைப் பார்ப்பதற்கு ஒவ்வொருவரின் முகமும் தேவையில்லை. திருவிழா ட்ரோனில் முகம் அறியும் மென்பொருளைச் சேர்க்கும்போதுதான் பக்தர் சந்தேக நபராகிறார்.

ஆகவே மதுரை மாநகரக் காவல் துறையும் மாவட்ட நிர்வாகமும் அடுத்த தைப்பூசத்துக்கோ சித்திரைத் திருவிழாவுக்கோ ட்ரோன் ஏற்றுவதற்கு முன், ஒரு பக்க அறிவிப்பைத் தமிழில் வெளியிடலாம்: எந்தச் சட்டத்தின் கீழ் பறக்கிறது, முகம் அறியும் மென்பொருள் உண்டா இல்லையா, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், தவறாகப் பயன்பட்டால் யாரிடம் முறையிடுவது. அதே பக்கத்தின் கீழே, திருப்பரங்குன்றம் காவல் நிலையம் தொடங்கி மாவட்டத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை கேமரா இன்றைக்கு ஓடுகிறது, எத்தனை மாதப் பதிவு கையில் இருக்கிறது என்ற கணக்கும் வரட்டும். வெளியிட மனமில்லை என்றால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி எந்தக் குடிமகனும் இதைக் கேட்டு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.